பிராதில் எதிரி யார்?

மூன்று வயது தாண்டியும் பேசாத பிள்ளை வீட்டில் இருந்தால் விருத்தாசலத்தில் இரண்டு பேச்சு கட்டாயம் காதில் விழும். ஒன்று, "யார் செஞ்ச வினையோ." இன்னொன்று, "குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலையே." முதலாவதை முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். இரண்டாவதை நேரில், நாம் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொல்வார்கள்.

என் பேரனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டையும் கேட்டுவருகிறேன். நான் சைவக் குடும்பத்தில் பிறந்து, பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறையில் தலை நரைத்தவன். வினையைப் பற்றி எனக்குப் புதிதாக யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது அந்தந்த உயிரின் சொந்தக் கணக்கு. அதை அடுத்த வீட்டுக்காரர் புரட்டிப் பார்க்கலாம் என்று எந்தச் சாத்திரமும் அவருக்கு அனுமதி கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

குமரகுருபரர் கதை அப்படித் தள்ளக்கூடியதல்ல. ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியதை நம்புகிறவன்தான் நானும். ஆனால் அந்தக் கதையில் பேசவைப்பது முருகன் வேலை, பேசுவது பிள்ளையின் வேலை. ஊராருக்கு ஒரு வேலையும் கிடையாது, காத்திருந்தால் போதும். அதே தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி இருக்கிறது. அங்கே நம்மாழ்வார் 16 வருடம் புளியமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்பார்கள். மதுரகவி வந்தார், ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார், காது கேட்கிறது என்று தெரிந்துகொண்டார். பிறகு அந்தப் பிள்ளை பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டார். அதுவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. இந்தக் கதையில் பாதி வேலை எதிரில் நிற்பவருக்கு. வைணவர்களிடம் ஒரு கதை இரவல் வாங்குவதால் என் திருநீறு கலைந்துவிடாது.

எங்களூர்க்காரர்களுக்குத் தீராத வழக்கு என்றால் மணவாளநல்லூர் முருகன் கொளஞ்சியப்பர்தான். குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டுவார்கள். மருமகளும் எழுதப் போனாள். குறை எழுதியாயிற்று, கோரிக்கை எழுதியாயிற்று. யார்மேல் பிராது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நகை களவு போனவர் திருடன்மேல் எழுதலாம், நிலத்தை இழந்தவர் பங்காளிமேல் எழுதலாம். இவள் யார்மேல் எழுதுவாள்? பிள்ளைமேலா, டாக்டர்மேலா, தன்மேலேயேவா? கடைசியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கட்டிவிட்டு வந்தாள்.

அவள் எழுதிக்கொண்டிருந்தபோது நான் சன்னதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொளஞ்சியப்பருக்கு ஆறுமுகம் இல்லை, ஒரு முகம்கூட இல்லை. பலிபீடம்போல ஒரு கல், அருவுருவம். அவருக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. இருந்தும் எங்கெங்கிருந்தோ வந்து மனு கொடுக்கிறோம், அவர் கேட்டார் என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. ஒரு குழந்தை கண்ணைப் பார்க்கவில்லை என்றால் மட்டும் "கூப்பிட்டா காதுல விழலை, ஒண்ணும் புரியலை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கல்லுக்குக் கொடுக்கும் நம்பிக்கையில் கால்வாசியையாவது பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதா?

டேமியன் மில்டன் என்று இங்கிலாந்தில் ஒரு சமூகவியலாளர் இருக்கிறார், அவரே ஆட்டிசம் உள்ளவர். 2012இல் அவர் எழுதியதை என் மகன் படித்துச் சொன்னான். ஆட்டிசக்காரருக்கு மற்றவர் மனம் விளங்கவில்லை என்கிறீர்களே, மற்றவர்களுக்கு ஆட்டிசக்காரர் மனம் விளங்கியதா என்பதுதான் அவர் கேள்வி. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, குற்றப்பத்திரிகை மட்டும் ஒரு பக்கத்துக்கு. மருமகள் வெறுமையாக விட்ட இடம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நண்பர் ஒருவர் வேறு வழியில் ஆறுதல் சொன்னார்: "இது மோன நிலை ஐயா, தட்சிணாமூர்த்தி அம்சம்." பழமலைநாதர் கோயிலுக்கு நானும் போகிறவன்தான். தட்சிணாமூர்த்தியின் மௌனத்தைக் கேட்கச் சனகர் முதலான நான்கு பேர் காலடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் பேரனைச் சுற்றி யார் உட்கார்ந்தார்கள்? வினை என்கிறவரும் தெய்வக் குழந்தை என்கிறவரும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

நர்சரிப் பள்ளி ஒன்றில், மற்ற பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. வழக்குப் போட எங்களுக்குத் தெம்பில்லை. தெருக்கோடி பால்வாடியில் சேர்த்தோம்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் 1981இல் ஃபிலிப் ஸ்ட்ரெய்ன் என்பவர் 'லீப்' என்ற பெயரில் ஒரு மழலையர் வகுப்பு தொடங்கினார். மற்றப் பிள்ளைகள் பத்துப் பேர் என்றால் ஆட்டிசப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர். சேர்த்து உட்காரவைத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று அவர் விட்டுவிடவில்லை. எப்படிக் கவனத்தைத் திருப்புவது, எப்படிப் பொம்மையை நீட்டுவது, பதில் வராவிட்டால் எப்படி மறுபடி கேட்பது என்று அந்தப் பத்துப் பேருக்குத்தான் பாடம் நடத்தினார். மதுரகவி வேலைக்கு ஆள் தயார் செய்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் பால்வாடி டீச்சருக்கு லீப்பும் தெரியாது, மில்டனும் தெரியாது. ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா, பானையும் குக்கரும், அத்தனை பிள்ளைகள். சலுகை என்று அவர் செய்தது, கைதட்டிப் பாடும் நேரத்தில் இவனை வாசற்படிப் பக்கம் உட்காரவிட்டது. சத்தம் தாங்காவிட்டால் எழுந்து போகலாம், அடங்கியதும் வரலாம். "குழந்தைகள் களிமண், பிசைந்தபடி உருவாகும்" என்று ஆண்டு விழாக்களில் முழங்குகிறவர்கள் களிமண்ணைத் தொட்டவர்கள் அல்ல. ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு அளவு சுருங்கும். அவசரப்படுத்திக் காயவைத்தால் சூளைக்குப் போகும் முன்பே விரிசல் விட்டுவிடும்.

பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை ஒன்று தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவன், எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டினால் திரும்புகிறான். அது இரண்டு தட்டு தட்டும். இவன் தன் டம்ளரால் இரண்டு தட்டுவான். மூன்று தட்டினால் மூன்று. ஒரு நாள் மருமகள் கூட்டிவரப் போனபோது அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தது. இவன் அதன் முட்டையைப் பிடுங்கித் தின்றுவிட்டானாம். மன்னிப்புக் கேட்க மருமகள் வாய் திறப்பதற்குள் ஆயாம்மா முந்திக்கொண்டார்: "நீ ஏம்மா கேக்குற? அவனைத்தான் மூலையில உக்கார வெச்சிருக்கேன். நேத்து இவ புடுங்கினா, இவளையும்தான் உக்கார வெச்சேன்." வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.