அந்த ஆறு பேர்

ஒரு பெண்ணின் உடலிலிருந்து எடுத்த ரத்தம் சோதனைக்குழாய்க்குள் போனபின் யாருடையது? மதுரையில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி 1986இலிருந்து தொடங்குகிறது.

அப்போது சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா தன் ஆய்வேட்டுக்காக எச்.ஐ.வி.யைத் தேடினார். நம் பண்பாடு இந்த நோயை அண்டவிடாது என்று பலரும் நம்பிய காலம். கணவரின் ஸ்கூட்டரில், பாலியல் தொழிலாளர்களை அடைத்துவைத்திருந்த விஜிலன்ஸ் ஹோமுக்குப் போய் ரத்தம் சேகரித்தார். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் காத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்தவர்கள் இரண்டு பெண்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. நிர்மலாவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். சொல்லியிருந்தாலும், பூட்டிய கதவுக்குள் இருப்பவள் எப்படி மறுப்பாள்? தொற்று கண்ட பெண்கள் சிலரைத் தண்டனைக் காலம் முடிந்தபின்னும் அரசு வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போனபிறகு, 1990இல்தான் விடுதலை கிடைத்தது. நோயைக் கண்டறிய உதவிய ரத்தமே அவர்களுக்கு விலங்கானது.

அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் உண்மை தெரியத் தாமதமாகியிருக்கும், எத்தனையோ உயிர் போயிருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் கிடைத்த நன்மை ஊருக்கு, கொடுத்த விலை அந்தப் பெண்களுக்கு. நன்மை பெரிது என்பதால் கடன் தீர்ந்துவிடாது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை யாரும் வரிசையில் நிறுத்தி ஊசி போடவில்லை. எங்கே தேடுவது என்பதிலேயே அறம் இருக்கிறது.

சுனிதி அங்கேயே நின்றுவிடவில்லை. 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, தொற்றோடு வாழ்பவர்களுக்குச் சிகிச்சையும் ஆலோசனையும் தந்தார். அங்கு வந்த பெண்களைப் பற்றி 2000இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். ‘ஆபத்தான பெண்’ என்ற வகைப்பாட்டையே அது உடைத்தது.

உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வெள்ளைப்படுதலோடு மதுரைக்கு வரும் பெண்களின் மாதிரிகள் இன்று என் மேசைக்கு வருகின்றன. ரிப்போர்ட்டை வாங்க நீளும் கை பெரும்பாலும் கணவருடையது, அல்லது மாமியாருடையது. “அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க மேடம்” என்ற வேண்டுகோளும் கூடவே வரும். 1986இன் கேள்விதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

என் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: படிவத்தில் வைத்த கைநாட்டு இசைவு ஆகாது. ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் அவள் எதையும் இழக்காமல் வீடு திரும்ப முடிய வேண்டும். முடிவு முதலில் அவள் காதுக்கே போக வேண்டும். அந்த ஆறு பேரின் பெயர் நம் பாடப்புத்தகத்தில் இல்லை, இருக்கவும் கூடாது. அவர்களுக்குப் பட்ட கடன் மட்டும் அதில் இருக்க வேண்டும்.