உரிமமும் நம்பிக்கையும்

மது அருந்தி வண்டி ஓட்டியவன் எவர்மீதும் மோதவில்லை. ஆயினும் அவனைத் தண்டிப்பது முறையா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டுவதையே குற்றம் என்கிறது. முதன்முறை ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். குற்றம் உறுதியானால், ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஓட்டும் தகுதியையும் நீதிமன்றம் நீக்கியாக வேண்டும்.

ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவனுக்கு அந்த ஆறு மாதம் குடும்பத்தின் பட்டினி. இதனை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், தோப்பும்படியிலிருந்து பள்ளுருத்திக்கு வரும் சாலையில் நம் பிள்ளைகளை எந்தத் துணிவில் அனுப்புகின்றோம்? எதிரே வருபவன் தெளிந்த அறிவுடன் வருகின்றான் என்ற நம்பிக்கையில்தானே? உரிமம் அந்நம்பிக்கைக்கு அரசு எழுதித் தந்த சீட்டு. போதையுடன் வண்டியை எடுத்த கணமே அது முறிந்துவிடுகிறது. மோதாமல் வீடு சேர்ந்தது அவனது நற்பேறு மட்டுமே.

வள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். குடி ஒருவனோடு முடியாமல் ஊரையும் நாட்டையும் தொடும் என்பதே இதன் குறிப்பு எனக் கொள்ளலாம்.

பட்டினியைத் தடுக்கும் வழி எளிது: குடித்த இரவில் சாவியைத் தோழரிடம் கொடுத்துவிட்டு நடந்தே வீடு சேர்தல். கொடுக்க மறுப்பவனிடம் கேட்டு வாங்குதல் உடனிருக்கும் நம் கடமை.