காயாத சட்டை

1

2019 ஏப்ரல். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட், வெட்டிவேர் வைத்த ஏர் கூலர். கடையில் விற்கும் கூலரில் தேன்கூடு மாதிரி ஒரு அட்டை இருக்கும். அதற்குப் பதிலாக வெட்டிவேர்த் தட்டி. மேலே தண்ணீர் சொட்டும், பின்னாலிருந்து ஃபேன் காற்றை இழுக்கும். மோட்டாரும் ஃபேனும் ஓடுவதற்கு ஒரு சோலார் பேனலும் பேட்டரியும். கம்ப்ரஸர் கிடையாது, கேஸ் கிடையாது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து எடுத்துக்கொண்டு போகும்.

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை ரீடிங் எடுத்தோம். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம். கூலரிலிருந்து வந்த காற்று 29.5. எட்டரை டிகிரி குறைந்திருந்தது! கத்திக் குதித்தோம். கைடு வந்து பார்த்துவிட்டு, "பேப்பர் போட்டுடலாம்பா" என்றார்.

கல்லூரியின் பின்வாசலில் தகர ஷீட் போட்ட ஒரு செக்யூரிட்டி கேபின் உண்டு. அங்கே இரவு டியூட்டி பார்க்கும் அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் லேபில் பூட்டுப் போடாமல் போனால் திட்டுவார், டீ வாங்கி வந்தால் பங்கு கேட்பார். பேட்டரி ராத்திரி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததால், இரண்டு நாள் இரவு கூலரை அவர் கேபினில் வைத்தோம். ஹாஸ்டலில் இருந்தவன் நான் என்பதால் ரீடிங் எடுக்கும் வேலை என்னுடையது.

இரண்டாம் நாள் காலையில் போனபோது கூலர் ஓடவில்லை. ஒயர் பிடுங்கியிருந்தது. அண்ணன் பனியனோடு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணே, ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"காத்து நல்லாத்தான் வருது தம்பி. ஆனா சட்டை காய மாட்டேங்குது. உள்ள ஒக்கார முடியல."

எங்கள் ஆராய்ச்சி பற்றி எனக்குக் கிடைத்த மதிப்புரைகளில் சரியானது அது ஒன்றுதான். பேப்பரில் அதை நாங்கள் சேர்க்கவில்லை.

2

குளிர்ச்சியை யாரும் உண்டாக்குவதில்லை. வெப்பத்தை இங்கிருந்து எடுத்து அங்கே கொண்டுபோய்ப் போடுகிறோம், அவ்வளவுதான். இதை இரண்டாம் ஆண்டு தெர்மோடைனமிக்ஸில் படித்தேன். அதற்குள் ஓர் அறக்கேள்வி உட்கார்ந்திருக்கிறது என்பது ரொம்ப நாள் எனக்கு உறைக்கவில்லை. அங்கே என்றால் எங்கே? அங்கே யார் இருக்கிறார்?

ஏசி வாங்கும்போது "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா" என்று கேட்பார்கள். அந்த டன் பனிக்கட்டியின் டன். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன் குளிர்விப்பு. மெஷின் வருவதற்கு முன்னால் குளிர்ச்சி என்பது பனிக்கட்டியாகத்தான் வந்தது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். சென்னை மெரினாவுக்கு எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அந்தப் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டப்பட்டது. அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாதி உலகம் சுற்றிக் கொண்டுவந்தார்கள். துரைமார் வீட்டுக் கோப்பைகளுக்காக. சென்னைக்குக் குளிர்ச்சி வந்த முதல் நாளிலேயே யாருக்கு என்ற கேள்வியும் கூடவே இறங்கிவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி ஓர் அறையிலிருந்து 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதைச் செய்ய ஒன்றரை கிலோவாட் அளவுக்கு மின்சாரம் தின்கிறது. இரண்டும் சேர்ந்து ஏழு கிலோவாட்டுக்கு நெருக்கமாக வெளியே கொட்டுகிறது. ஏழு இஸ்திரிப் பெட்டிகளைப் பால்கனியில் சூடாக்கி வைத்ததுபோல. அம்பத்தூரில் நான் குடியிருந்த சந்தில் எதிர்வீட்டு அவுட்டோர் யூனிட் ஊதும் இடத்துக்கு நேராக, தையல் மெஷின் போட்டிருந்த ஓர் அக்காவின் ஜன்னல் இருந்தது. கோடை முழுக்க அந்த ஜன்னல் சாத்தியே இருக்கும்.

இதைத் தவிர மின்சாரம் நிலக்கரியில் வருகிறது, உள்ளே ஓடும் வாயு கசிகிறது. பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22, கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 1,800 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. இப்போது பரவலாக வரும் ஆர்-32 சுமார் 675 மடங்கு. புரொபேன் வாயுவில் ஓடும் ஏசிகளும் இந்தியாவில் விற்பனைக்கு உண்டு, அதில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் எந்த வாயுவைப் போட்டாலும் அந்த அக்காவின் ஜன்னல் திறக்கப்போவதில்லை.

3

சரி, மாற்று வழிகள் இருக்கின்றனவே? இருக்கின்றன. ஒவ்வொன்றும் அழகானது. ஒவ்வொன்றும் சென்னைக்கு வந்ததும் வியர்க்க ஆரம்பித்துவிடுகிறது.

2014-இல் ஸ்டான்ஃபோர்டில் அஸ்வத் ராமனும் ஷான்ஹூய் ஃபானும் மற்றவர்களும் ஒரு தகட்டைச் செய்தார்கள். சூரிய ஒளியில் 97 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். தன் வெப்பத்தை 8 முதல் 13 மைக்ரான் அலைநீளத்தில் வெளிவிடும். அந்த அலைநீளத்துக்கு வளிமண்டலம் திறந்த ஜன்னல்மாதிரி, வெப்பம் நேரே வெளிக்குப் போய்விடும். கொளுத்தும் வெயிலில், மின்சாரமே இல்லாமல், சுற்றியுள்ள காற்றைவிட 4.9 டிகிரி குறைவாக நின்றது அது. படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் காற்றில் ஈரம் கூடக்கூட அந்த ஜன்னல் சாத்திக்கொள்ளும்.

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆற்றல் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர் ஆர். வேல்ராஜும் மாணவர்களும் நிலைமாறும் பொருள்களில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார்கள். இரவின் குளிரில் உறைந்து, பகலின் சூட்டை வாங்கி உருகும் மெழுகு மாதிரியான பொருள். பெங்களூருக்குப் பொருந்தும் யோசனை. சென்னையில் மே மாத இரவு 28 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. எந்தக் குளிரைச் சேமிப்பது?

நாங்கள் செய்த கூலரின் கதையும் இதுதான். காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் புதிய தண்ணீர் ஆவியாகாது. துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைதான் எல்லை, தண்ணீரை நேரடியாகக் காற்றில் ஆவியாக்கிக் குளிர்விக்கும் எந்தக் கருவியாலும் அதற்குக் கீழே போக முடியாது. நம் உடம்பும் அப்படி ஒரு கருவிதான். அந்த வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டு ஆறு மணி நேரம் நீடித்தால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் தாங்கமாட்டார் என்று 2010-இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பென்சில்வேனியாவில் இளைஞர்களையே ஆய்வறையில் வைத்துப் பார்த்தபோது, ஈரமான சூழலில் உடம்பு 31 டிகிரியை ஒட்டியே தடுமாற ஆரம்பிப்பது 2022-இல் தெரியவந்தது. சென்னையின் கோடை இரவு 27-ஐத் தாண்டி நிற்கும். அது கொல்லாது. சட்டையைக் காயவிடாது.

அப்படியென்றால் நம் ஊருக்குத் தேவை காற்றை உலர்த்துவது. உப்புக் கரைசலால் ஈரத்தை உறிஞ்சி, பிறகு சூரிய வெப்பத்தால் அந்த உப்பைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தும் முறைகள் இருக்கின்றன, உலகெங்கும் ஆய்வு நடக்கிறது. இன்னொரு பக்கம், ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு மொத்தப் பிரச்சினையையும் சின்னதாக்கிப் பார்த்தது. சோலார் பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை மாற்றாமல் அப்படியே வீட்டுக்குள் ஓடவிடுவது, 75 வாட் இழுக்கும் சீலிங் ஃபேனுக்குப் பதிலாக சுமார் 30 வாட் பிரஷ்லெஸ் ஃபேன். ராஜஸ்தானின் மின்சாரம் எட்டாத கிராமங்களில் அதைப் பொருத்தினார்கள். சாதாரண ஃபேன்தான். ஆனால் அது ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும்.

எங்கள் புராஜெக்டை நினைத்தால் எனக்குக் கூசுவது இங்கேதான். ஒரு கருவியை எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதிலேயே அது யாருக்கான கருவி என்ற முடிவு இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு அளந்தால் எட்டரை டிகிரி. இரவு இரண்டு மணிக்கு அளந்தால் இரண்டு டிகிரி. மதியம் அந்தக் கல்லூரியில் எல்லோரும் ஏசி அறையில்தான் இருந்தார்கள்.

4

2019 மார்ச்சில் ஒன்றிய அரசு 'இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம்' என்ற ஆவணத்தை வெளியிட்டது. நாட்டில் சுமார் 8 சதவீத வீடுகளில்தான் அப்போது ஏசி. குளிர்விப்புத் தேவையை 2037-38-க்குள் 20 முதல் 25 சதவீதம் குறைப்பது இலக்கு. நல்ல ஆவணம். ஆனால் 'தேவை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்பவரின் தேவையும், தகரக் கூரைக்குக் கீழே ஃபேனும் இல்லாதவரின் தேவையும். முதலாமவரிடம் குறைக்கச் சொல்லலாம். இரண்டாமவரிடம் எதைக் குறைப்பது?

போரூரில், செம்பரம்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் 2017-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிகள். ஏறக்குறையப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற சூட்டில் வேலை செய்பவர்கள். மற்றவர்கள் குளிர்ச்சியான இடங்களில். சூட்டில் வேலை செய்தவர்களில் 5 சதவீதம் பேருக்குக் கரு கலைந்தது, மற்றவர்களில் 2 சதவீதம். 2024-இல் இது வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய்.

செத்தால் 4 லட்சம் என்பதை ஒத்துக்கொண்டுவிட்டோம். சாகாமல் இருக்க எவ்வளவு என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. குளிர்ச்சியை வசதி என்று எண்ணுகிறவரை, வாங்கமுடிந்தவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று நகர்ந்துவிடலாம். அது சில உடம்புகளுக்குத் தண்ணீர் மாதிரி என்று ஒப்புக்கொண்டால் வரிசை ஒன்று போட வேண்டிவரும். வெயிலை விட்டு விலக முடியாதவர் முதலில். கர்ப்பிணி, முதியவர், மறுநாள் வேலைக்குப் போக இன்று தூங்கியாக வேண்டியவர்.

உடனே வரும் மறுப்பு: "நீ உன் வீட்டு ஏசியைக் கழற்றிவிட்டாயா?" இல்லை. 2022-இல் அம்மாவுக்கு பிபி கூடியபோது ஆவடி வீட்டில் ஏசி மாட்டினேன். கழற்றமாட்டேன். ஏசி இருப்பவர்கள் ஏசி இல்லாதவர்களிடம் பூமியைப் பற்றிப் பேசுவதைப்போல அசிங்கம் வேறில்லை, அதை நான் செய்யப்போவதில்லை. இன்னொரு மறுப்பு கனமானது. திறனைக் கூட்டினால் பயன்பாடும் கூடும். நிலக்கரியை வைத்து ஜெவன்ஸ் 1865-லேயே இதைச் சொன்னார். உண்மை, மலிவான குளிர்ச்சி வந்தால் ஏற்கெனவே குளிரில் இருப்பவர் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார். ஆனால் அந்தக் கேபினில் முதல் ஃபேன் ஓடுவதையும் இதே கணக்கில் 'கூடுதல் பயன்பாடு' என்று எழுதினால், கணக்குப் போடுபவரிடம் தப்பு இருக்கிறது.

மாற்றுத் தொழில்நுட்பமும் இலவசமில்லை. எங்கள் கூலர் ஒன்றரை டன் ஏசிக்கு ஈடாக வேலை செய்தால் மணிக்கு ஏழெட்டு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஓர் இரவுக்கு அறுபது லிட்டர், நாலு குடம். 2019-இல் செம்பரம்பாக்கம் ஏரி வெடித்த மண்ணாகக் கிடந்தது. சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. நாங்களோ லாரித் தண்ணீரை வெட்டிவேரில் ஊற்றி 'நீடித்த ஆற்றல்' என்று தலைப்பு வைத்தோம். வைவாவில் யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

5

பேப்பர் வந்தது. அதன் சுருக்கத்தில் 'வெப்பநிலையை 8.5 டிகிரி வரை குறைக்கிறது' என்று இருக்கும். பொய் இல்லை. 'வரை' என்ற சொல் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும். ஆராய்ச்சி என்றால் முதலில் சாதகமான சூழலில்தான் காட்டுவார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் இரவு ரீடிங் எங்களிடம் இருந்தது. அட்டவணையில் சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். "அது வேற டெஸ்ட், பேட்டரி டெஸ்ட்" என்று முடிவானது. நான் மறுபடி கேட்கவில்லை. வேலைக்கு அப்ளை பண்ணும்போது அந்தப் பேப்பரை ரெஸ்யூமேயில் முதல் வரியில் போட்டேன்.

யாருக்கும் தீங்கு நடக்கவில்லை என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கள் பேப்பரைப் பார்த்து வேறொரு கல்லூரியில் இன்னொரு நாலு பேர் அதே வெட்டிவேரை மதியம் பன்னிரண்டு மணிக்கு அளந்திருப்பார்கள். சென்னையின் பிரச்சினை ஈரம், இரவு என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன தகவல் எங்களிடம் இருந்தது. அதை மறைத்தது அவரை இரண்டாவது தடவை வெளியே உட்காரவைத்ததுதான்.

அப்சர்வேஷன் நோட்டு இன்னும் இருக்கிறது. விட்டுப்போன பக்கம் இது.

இரவு 10 மணி: வெளியே 31, கூலர் காற்று 28.5. பேட்டரி சரி.

12 மணி: வெளியே 30.5, கூலர் காற்று 28.5.

2 மணி: வெளியே 30, கூலர் காற்று 28. வெளி ஈரப்பதம் 80 சதவீதம், கேபினுக்குள் 92. பேட்டரி சரி.

அதற்குப் பிறகு ரீடிங் இல்லை. நான் ஹாஸ்டலுக்குத் தூங்கப் போய்விட்டேன்.