பாஸ்வேர்டு யாரிடம்?

எங்கள் திருவொற்றியூர்ப் பக்கத்துச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இன்று கணினியைத் தொடாமல் ஒரு கட்டுக் கம்பிகூட வெளியே போவது கடினம். டிரெய்லரில் தகடோ ஆங்கிளோ ஏற்றி முடித்ததும் கடையில் ஒருவர் இ-வே பில் போட உட்காருகிறார். வண்டி எண், சரக்கின் மதிப்பு, போய்ச் சேரும் ஊர் எல்லாம் தட்டி முடித்தால் 12 இலக்க எண் ஒன்று வரும். அடுத்த நொடி அது டிரைவரின் வாட்ஸ்அப்பில் இருக்கும். அந்தப் பில்லுக்கு ஆயுளும் உண்டு. 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்ததை 2021 ஜனவரியில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று மாற்றினார்கள். வழியில் டிரைவர் எவ்வளவு நேரம் கண்ணயரலாம் என்பதை இப்போது அந்தக் கணக்கும் சேர்ந்து முடிவு செய்கிறது.

சுமை ஏற்ற பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கும் பையன்கள், வேலை முடிந்து குளித்துவிட்டு வீடியோ காலில் ஊருக்குப் பேசுகிறார்கள். பிள்ளை எழுந்து நிற்பதையும் தத்தி நடப்பதையும் அங்கிருந்து யாரோ காட்டுகிறார்கள். எஸ்டிடி பூத்தில் மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பேசிய தலைமுறை நான். இதன் அருமை எனக்குத் தெரியும். பேசுவதற்கும் சேதி சொல்வதற்கும் இந்தக் கருவி செய்த உதவியை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

என் கவலை வேறு. சேதி நம் கைக்கு வந்துவிட்டது, கல்வி வந்ததா?

பிளஸ் டூ முடிவு வந்த பிறகு எங்கள் பக்கத்து நெட் சென்டரில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். பொறியியல் கலந்தாய்வு 2018-இலிருந்து ஆன்லைனில் நடக்கிறது. கல்லூரிகளை எந்த வரிசையில் போடுகிறோம் என்பதில்தான் சீட்டே இருக்கிறது. அங்கே ஒரு நாள் ஒரு பெண் அம்மாவோடு வந்திருந்தாள். அந்த வீட்டில் பிளஸ் டூ தாண்டிய முதல் ஆள்.

"மெயில் ஐடி இருக்காம்மா?"

"தெரியலண்ணா. ஸ்காலர்ஷிப்புக்கு நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க."

சென்டர் நடத்தும் அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். தெருப் பிள்ளைகளின் மெயிலும் பாஸ்வேர்டும் வரிசையாக அதில் இருந்தன. அவளுடையதும் இருந்தது. ஓடிபி அப்பாவின் போனுக்குப் போனது. அப்பா யார்டில் வேலையில் இருந்தார். கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னார்கள். அந்த அண்ணன் நல்ல மனிதர். காசில்லாத பிள்ளைகளிடம் வாங்க மாட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 12 வருஷம் படித்த ஒரு பெண்ணின் அடுத்த நாலு வருஷம் இன்னொருவருடைய நோட்டில் ஒரு வரியாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

தபால் நிலையத் திண்ணையில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் நம் பாட்டிகள் போய் நின்றார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. பேத்திக்கு எழுத்துத் தெரியும், கையில் போனும் இருக்கிறது. அப்படியும் ஒரு விண்ணப்பத்துக்கு அவள் வேறொருவர் முன்னால் போய் நிற்கிறாள் என்றால், கருவியை அவள் கையில் கொடுத்த நாம் எதையோ கொடுக்காமல் விட்டிருக்கிறோம்.

அரசு கொடுக்காமல் இல்லை. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கி வைத்தார். எங்கள் திருவொற்றியூரும் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த லேப்டாப்பில் டேலி கற்று மார்க்கெட்டிலேயே கணக்கு எழுதப் போன பிள்ளைகள் உண்டு. படம் பார்த்தே பேட்டரி போன லேப்டாப்புகள் அதைவிட அதிகம் உண்டு. அதற்குப் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. பெட்டியைக் கொடுத்த அன்றைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து "இதில் நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்க ஆள் இல்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஒன்றரை வருஷத்துக்கு மேல் போன்தான் பள்ளிக்கூடம். வீட்டுக்கு ஒரு போன்; அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி அவர் வந்த பிறகு, வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தின் போட்டோவைப் பார்த்து நோட்டில் எழுதிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கல்வித் தொலைக்காட்சி உதவியது. ஆனால் அந்தக் காலம் முழுக்கப் பிள்ளைகள் பழகியது பார்க்க மட்டும்தான். கேள்வி கேட்பதும், தன் வாக்கியத்தைத் தானே எழுதி அனுப்புவதும் அந்தப் பழக்கத்தில் இல்லை. பெரியவர்களான நாமும் அப்படித்தான் இருக்கிறோம். வந்ததைப் பார்க்கிறோம், பிடித்ததை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம், சொல்ல வேண்டியதை வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடுகிறோம். வீட்டாரிடம் பேச அது போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாளில் பதில் தா என்று ஒரு அலுவலகத்தைக் கேட்க அது போதாது. அதற்கு எழுத வேண்டும். தமிழில் எழுதத் தடையும் இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடது கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலது கைக்கும் கொடுக்கிறது. காசில்லாமல் கிடைக்கிறது. கொஞ்ச நாள் பொறுமையாகப் பழகினால் வந்துவிடும்.

எழுதிக் கேட்க நமக்கு என்ன இருக்கிறது என்று தோன்றினால், நாம் மூச்சு விடும் காற்றை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன், எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். என் போனிலும் அன்றிரவு செய்திகள் குவிந்தன. எந்த வாயு, எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அவற்றில் இல்லை. பயம்தான் வந்தது, அறிவு வரவில்லை.

பக்கத்து மணலியில் காற்றின் மாசை அளக்கும் கருவி இருக்கிறது. அது சொல்லும் எண்ணை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இணையத்தில் போடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 50 வரை நல்லது, 200-ஐத் தாண்டினால் மோசம், 400-ஐத் தாண்டினால் கடுமை. எட்டு மாசுகளைக் கொண்டு இந்தக் காற்றுத் தரக் குறியீட்டைப் போடுகிறார்கள். அமோனியாவும் அதில் ஒன்று. பிள்ளைகள் தினமும் காலையில் அந்த எண்ணைக் குறித்து, மாசக் கடைசியில் சராசரி எடுத்து, வரைபடம் போட்டால் கணக்கும் அறிவியலும் தங்கள் தெருவைப் பற்றியே ஆகிவிடும். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய அரசு லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சில பிள்ளைகளோடு இதைச் செய்கிறோம். "மழை பெஞ்ச அன்னிக்கு மட்டும் ஏன் நம்பர் இறங்குது?" என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வியை எந்த ஃபார்வர்டும் அவனுக்குள் எழுப்பியிருக்காது.

கேட்டதும் கடிதம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவும் இப்போது எல்லார் போனிலும் வந்துவிட்டது. பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் அது எழுதியதை வரி வரியாகப் படித்து, என் பெயரில் இது போகலாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அந்த நீள நோட்டு மேசைக்கு அடியிலிருந்து போனுக்குள் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: உன் மெயிலின் பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமா? தெரியாது என்றால் கூடவே போய் உட்காருங்கள். பிள்ளையே ஒரு புது பாஸ்வேர்டு போடட்டும். உங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம். மறந்தால் மீட்பதற்கு வீட்டு போன் நம்பரைக் கொடுக்கட்டும். அந்த மெயிலிலிருந்து முதல் கடிதத்தைத் தமிழில், தன் கையால், தன் வார்டு கவுன்சிலருக்கோ தலைமை ஆசிரியருக்கோ அனுப்பட்டும்.