அலையும் குதிரையும் அடங்கும் மனமும்



கடோபநிடதம் எமது உடலைத் தேருக்கு ஒப்பிடுகின்றது. ஐம்பொறிகள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி, ஆன்மா தேரில் வீற்றிருப்பவன். இந்த உவமையைப் பிரசங்கங்களிலே பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆனால் குதிரையைப் பழக்கும் விதத்தை நம்மிற் பலர் அறியோம். வேட்டைத் திருவிழாவிலே சுவாமி எழுந்தருளும் குதிரை வாகனமும், நெடுந்தீவிலே திரியும் கட்டாக்காலிக் குதிரைகளுமே நாம் கண்டவை. ஆகவே குதிரையோடு சீவிப்பவர்களிடம் அதனைக் கேட்டறிதல் நன்று.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே பெரிய மாட்டுப் பண்ணைகள் உள்ளன. மாடுகளைச் சாய்த்துச் செல்வதற்கு அங்கே இன்றும் குதிரைகளை வைத்திருக்கின்றனர். இரண்டு, மூன்று வயதான இளங்குதிரைக்கே பெரும்பாலும் முதன்முதற் சேணம் பூட்டுவர். அமைதியாக நின்ற குதிரை கணப்பொழுதிலே துள்ளும், உதைக்கும், ஏறியவனை எறிந்துவிட்டு ஓடும். முற்காலத்திலே அதன் காலைக் கட்டி, கண்ணை மறைத்து, சேணத்தை ஏற்றி, களைத்து ஓயும்வரை துள்ளவிட்டு அடக்கினார்கள். குதிரை பணிந்தது, அதன் பயம் பணியவில்லை.

ஒறிகன் மாநிலத்திலே 1910 இல் பிறந்த ரொம் டொறன்ஸ் என்பவரும், அவரிடம் கற்ற றே ஹன்ற் என்பவரும் வேறு வழியைக் காட்டினர். குதிரை பிற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி. அதன் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிவரப் பார்க்கும். ஆயினும் வாலுக்கு நேர் பின்னால் நிற்பது அதற்குத் தெரியாது. முதுகிலே ஒன்று ஏறினால், கொல்லும் மிருகம் பாய்ந்ததாகவே அதன் உடம்பு எண்ணும். ஆகவே துள்ளுதல் கெட்ட குணமன்று; உயிர்ப்பயம். துள்ளுமுன் காது திரும்பும், கழுத்து இறுகும், மூச்சு அடங்கும். "திடீரென்று துள்ளியது" என்பது இவற்றைக் கவனியாதவன் சொல்லும் சொல்.

அவர்கள் கயிற்றை மெல்ல இழுத்துப் பிடிப்பர். குதிரை ஓரடி இசைந்து வந்ததும் அக்கணமே தளர்த்துவர். இழுவையிலே அன்று, அந்தத் தளர்விலேதான் குதிரை பாடம் கற்கின்றது. தளர்த்தப் பிந்தினால் அது எதனையும் கற்காது. கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கி.மு. 4 ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன் எழுதி வைத்தார்.

அன்பர்களே, செபத்துக்கு அமர்ந்ததும் மனம் சந்தைக்கும் வயலுக்கும் ஓடுகின்றது. அதனை வைது பயனில்லை. மெல்ல அழைத்து வாருங்கள். ஒரு நாமத்தில் நின்றால் அதுவே போதுமென்று மகிழுங்கள். நாளை இரண்டு நாமத்தில் நிற்கும்.

எமது பிள்ளைகளும் இளங்குதிரைகளே. போர் 2009 இல் ஓய்ந்தது. இன்றும் திருவிழா வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடும் பெரியவர்கள் எம்மிடையே உள்ளனர். அவர்களை எவரும் கெட்டவர் என்பதில்லை. தண்ணீர் கொடுத்து அருகில் இருக்கின்றோம். அந்தப் பொறுமையைப் பிள்ளைகளிடம் மாத்திரம் ஏன் மறக்கின்றோம்? சோதனையிலே தவறிய பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கின்றது. வீட்டிலே எவருடனும் பேசாத இளைஞன் கோயிலுக்கு வந்தும் மதிலுக்கு வெளியே நிற்கின்றான். தடியெடுத்தால் பணிவான், பயம் உள்ளேயே இருக்கும். ஒருநாள் எம்மை எறிந்துவிட்டு ஓடுவான். அல்லது தன்னையே அழித்துக்கொள்வான். அதன் பின் "திடீரென்று நடந்துவிட்டது" என்று அழுது பயனில்லை. அவன் முகத்தை இன்றே பாருங்கள். அவன் ஓரடி உள்ளே வைத்தால், "இப்போதுதான் வழி தெரிந்ததோ?" என்று கேளாதீர்கள். திருநீற்றைக் கொடுத்து, தேர்வடத்திலே அவனுக்கும் இடம் விடுங்கள்.

இழுக்கும் வேளையையும் தளர்த்தும் வேளையையும் அறியும் புத்தியை எல்லாம் வல்ல எம்பெருமான் எமக்கு அருள்வாராக.

சுபம்.