உன் கண்ணை நம்பி எண்ணு!

"பாட்டனியா? இலையையும் பூவையும் படித்து என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று கேட்பவர் முன்னால் இனித் தலை குனியாதே தம்பி! தங்கையே, உனக்கும்தான் சொல்கிறேன்.

செங்காந்தளை எடுத்துக்கொள். நம் மாநிலப் பூ. ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கு அது கண்வலிக்கிழங்கு. அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கோல்சிசின், கவுட் மூட்டுவலிக்கு மருந்து. அளவு மீறினால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிரிழைகளை அது உருவாகவே விடாது. குரோமோசோம்கள் தடித்து, குறுகி, பாதி வழியில் நின்றுவிடும். எண்ணுவதற்கு அதைவிட நல்ல நேரம் ஏது?

1923-ல் தியோஃபிலஸ் பெயின்டர் மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் அதையே ஓதின. ஸ்வீடனில் ஒரு குழு திரும்பத் திரும்ப 46 எண்ணியது. 48 கிடைக்கவில்லையே என்று ஆய்வையே நிறுத்தி வைத்தது! உண்மை கண்ணெதிரே கிடந்தது, நம்பத்தான் நெஞ்சில் துணிவில்லை.

1955 டிசம்பரில் அதே ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் தியோவும் ஆல்பர்ட் லெவனும் எண்ணினார்கள். தியோ, ஜாவாவில் பிறந்து உருளைக்கிழங்கு ஆராய்ச்சி செய்தவர், போர்க்காலத்தில் ஜப்பானியர் முகாமில் வதைபட்டவர். லெவன், வெங்காய வேரில் கோல்சிசினைச் சோதித்தவர். இருவருமே செடி படித்தவர்கள்! கருவின் நுரையீரல் செல்களில் அதே கோல்சிசினைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 46. மறுபடியும் 46. 1956-ல் துணிந்து அச்சேற்றினார்கள். மருத்துவ உலகம் திருத்திக்கொண்டது.

உனக்கென்ன குறைச்சல்? செங்காந்தள் வேர் நுனியை வெட்டு. ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவை, அசிட்டோகார்மின் சாயமேற்று, கவர்ஸ்லிப் மூடி, ஒற்றுத்தாளின் மேல் கட்டைவிரலால் ஒரே அழுத்து. கண்ணாடி நழுவினால் எல்லாம் கசங்கிப்போகும். இன்னொரு வேரை எடு! சரியாக வந்தால் சிவப்புக் குச்சிகள் சிதறிக் கிடக்கும். நெட்டை, குட்டை, இடுப்புபோல் ஒடுங்கிய சென்ட்ரோமியர் சிலவற்றில் நடுவில், சிலவற்றில் ஓரமாய்.

நூல்களில் இருப்பது 22. அதற்காக 22 என்று எழுதிவிடாதே! 21 தெரிந்தால் 21 என்றே எழுது, அடுத்த செல்லைப் பார், அதற்கடுத்ததையும் பார். எண்ணி முடித்தபின் ஆசிரியர் புருவத்தை உயர்த்தினால், மைக்ரோஸ்கோப்பை விட்டு ஒதுங்கி நின்று, "நீங்களே பாருங்கள் ஐயா" என்று சொல்!