வலைக்கு அப்பால் நிற்பவர்

போட்டியிடுதல் பிறரன்போடு பொருந்துமா என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் வணிகத்தையோ தேர்தலையோ மனத்தில் கொண்டு விடை சொல்வர். விளையாட்டைச் சுட்டிக் கேட்டால், "விளையாட்டுத்தானே, இதற்குள் அறத்தை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று சிரித்து நகர்வர். ஆனால் அக்கேள்வி கலப்பின்றித் தூய வடிவில் எழும் இடம் விளையாட்டுக் களமே என்பது என் எண்ணம். வணிகத்தில் இருவரும் பிழைக்க வழியுண்டு. தேர்தலில் தோற்றவருக்கும் எதிர்க்கட்சி வரிசையில் இருக்கை உண்டு. இளையோர்க்கான பன்னாட்டு இறகுப்பந்துப் போட்டியின் இறுதி நாளில் அப்படி எதுவும் இல்லை. எதிரெதிரே நிற்கும் இருவரும் பிள்ளைகள். ஒருவர் வென்றாக வேண்டும், ஒருவர் தோற்றாக வேண்டும். சமநிலை என்ற இரக்கத்துக்கு அவ்விளையாட்டின் விதிகளில் இடமே இல்லை.

உலக இளையோர் இறகுப்பந்துப் போட்டி 1992-இல் ஜகார்த்தாவில் தொடங்கியது. முதலில் ஈராண்டுக்கு ஒரு முறையும், 2007 முதல் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது; பெருந்தொற்றால் 2020, 2021 ஆண்டுகளில் மட்டும் நடைபெறவில்லை. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் அதில் ஆடுகின்றனர். ஒற்றையர் இரண்டு, இரட்டையர் இரண்டு, கலப்பு இரட்டையர் ஒன்று என இறுதி நாளில் ஐந்து ஆட்டங்கள். கூட்டிப் பார்த்தால் அன்று களம் இறங்குவோர் மிகுந்தால் பதினாறு பிள்ளைகள். அவருள் பாதிப்பேர் தோல்வியோடு ஊர் திரும்புவர். உண்மையில் இக்கணக்கு இன்னும் கடுமையானது. அறுபத்து நான்கு பேர் ஆடும் ஒற்றையர் பிரிவில் அறுபத்து மூன்று பேர் தம் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களே. வென்று முடிப்பவர் ஒருவர். இதை அறிந்தே அறுபத்து நால்வரும் பெயர் கொடுக்கின்றனர். அவர்தம் பெற்றோரும் இதை அறிந்தே பயணச்சீட்டு வாங்குகின்றனர்.

இரண்டு இறுதி நாள்களை எடுத்துக்கொள்வோம். 2006-இல் தென்கொரியாவின் இன்ச்சோன் நகரில் நடந்த பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் பதினாறு வயதுச் சாய்னா நேவால் சீனத்தின் வாங் யிஹானிடம் தோற்றார். ஈராண்டு கழித்து, 2008-இல், புனே நகரில் அதே போட்டியின் இறுதி ஆட்டம். இம்முறை சாய்னா ஜப்பானின் சயாகா சாட்டோவை 21–9, 21–18 என்று வென்றார். அப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. நடந்த இடமும் பொருத்தமானது. 1870-களில் ஆங்கிலப் படை அலுவலர்கள் இவ்விளையாட்டுக்கு விதிகள் வகுத்தது அன்றைய பூனாவில்தான். சில காலம் விளையாட்டுக்கே 'பூனா' என்ற பெயரும் வழங்கியது. (நம் தஞ்சாவூருக்கும் இதில் சிறு பங்கு உண்டு. இறகுக்குப் பதில் கம்பளி நூற்பந்தை வைத்து ஆடும் பூப்பந்து, தஞ்சை அரச குடும்பத்தார் ஆடி வளர்த்த விளையாட்டு. இன்றும் நம் சிற்றூர்ப் பள்ளிகளின் மண் தரையில் அது உயிரோடு இருக்கிறது.)

புனேயில் சாய்னா வென்றதை நாம் கொண்டாடினோம். முதல் செட்டில் ஒன்பதே புள்ளிகளுக்குள் அடங்கிப்போன அந்த ஜப்பானியச் சிறுமி, இரண்டாம் செட்டில் பதினெட்டு வரை போராடி வந்தார். அந்தப் பதினெட்டுக்கு எவரும் கை தட்டியதாக நாளேடுகள் எழுதவில்லை. நாளேடுகளைக் குறை சொல்லவில்லை. அவற்றின் வேலை அதுவன்று. ஆனால் நம் கேள்வி அங்கேதான் பிறக்கிறது. தன் எதிரே நிற்பவர் தோற்க வேண்டும் என்று விரும்பும் ஒருவர், அதே வேளையில் அவருக்கு நன்மையையும் விரும்ப முடியுமா? இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க இயலுமா?

ஆட்டம் தொடங்கும்போது நடுவர் "லவ் ஆல், ப்ளே" என்று அறிவிப்பார். இரு பக்கமும் சுழியம், ஆடுங்கள் என்பது அதன் பொருள். பங்கு விளையாட்டு விழாக்களில் பேச அழைக்கப்படுவோர், "எல்லாரையும் அன்பு செய்யுங்கள், பிறகு விளையாடுங்கள்" என்று இதற்கு விளக்கம் தந்து கைதட்டல் பெறுவதுண்டு. இனிய விளக்கம்தான். ஆனால் மிக எளிதாகக் கிடைத்துவிட்ட விளக்கம். அன்பு செய்துவிட்டுப் பிறகு எப்படி விளையாடுவது என்பதுதானே சிக்கல்? எதிராளி எட்ட முடியாத மூலையைத் தேடித் தேடிப் பந்தை அடிப்பதே அவ்விளையாட்டின் முழு இலக்கணம். அவருக்கு எளிதாகும்படி அடிப்பவர் அன்பாளர் என்று எண்ணினால் நாம் தவறான இடத்தில் தேடுகிறோம் என்று பொருள்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பிரிவில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். காலிறுதிக்குச் செல்வது உறுதியாகிவிட்ட நிலையில், அடுத்த சுற்றுகளில் வலிய இணையை எதிர்கொள்வதைத் தவிர்க்கும் பொருட்டு, சீனத்தின் ஓர் இணை, தென்கொரியாவின் இரண்டு இணைகள், இந்தோனேசியாவின் ஓர் இணை ஆகிய நான்கும் வேண்டுமென்றே தோற்க முயன்றன. சர்வீசை வலையில் அடித்தனர். எளிய பந்துகளைக் கோட்டுக்கு வெளியே தள்ளினர். அரங்கம் முழுதும் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. மறுநாள் எட்டு வீராங்கனைகளும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். வெல்வதற்கு இயன்ற முயற்சி செய்யவில்லை என்பது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. தோல்வி இலாபமாகும்படி குழுச் சுற்றை அமைத்த அமைப்பாளருக்கும் அதில் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பின்னர் அம்முறை திருத்தப்பட்டது.

நாம் கவனிக்க வேண்டியது அரங்கத்தின் சினத்தை. எவரும் எவரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை. விட்டுக்கொடுத்தனர், அவ்வளவே. விட்டுக்கொடுத்தல் நற்பண்பென்று குழந்தைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்த நாமும் அக்காட்சியைக் கண்டு முகம் சுளித்தோம். ஏன்? வலைக்கு அப்பால் நிற்பவருக்கு நாம் ஒன்று கடன்பட்டிருக்கிறோம்; அது நம் முழு ஆற்றல் என்பது நம் உள்ளத்துக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடனைச் செலுத்தாமல் விடுவது அவரை ஆளாகவே மதியாமல் விடுவதாகும். புனேயில் சாட்டோ பெற்ற பதினெட்டுப் புள்ளிகளின் மதிப்பு, அவற்றுள் ஒன்றையும் சாய்னா தானமாகக் கொடுக்கவில்லை என்பதில் இருக்கிறது. அவர் முதல் செட்டின் வெற்றியில் மனம் இளகி இரண்டாவதை வேண்டுமென்றே நெருக்கமாக்கியிருந்தால் அப்பதினெட்டு பிச்சையாக மாறியிருக்கும்.

எனவே வெல்ல விரும்புவது பிறரன்புக்கு மாறானதன்று. ஆயினும் வெல்ல விரும்புவதும், எதிராளி கெட விரும்புவதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் அதே மட்டை, அதே வீச்சு. பிரித்தறிய உள்ளே சென்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு இவ்விளையாட்டே சில வாய்ப்புகளைத் தருகிறது.

எதிராளி ஓங்கி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுகிறது. ஆனால் போகிற போக்கில் அது என் மட்டையின் விளிம்பில் உரசிச் சென்றது. உரசியிருந்தால் விதிப்படி புள்ளி அவருக்கு, உரசாவிட்டால் எனக்கு. இறுதி நாளில் உயரமான நாற்காலியில் நடுவர் இருக்கிறார், சுற்றிலும் கோட்டு நடுவர்கள் இருக்கிறார்கள். பெரிய போட்டிகளில் பந்து விழுந்த இடத்தைக் காட்டும் கருவியும் வந்துவிட்டது. அக்கருவி சொல்வது பந்து விழுந்த இடத்தை மட்டுமே. உரசலின் மெல்லிய அதிர்வை அறிந்தது என் விரல்கள் மட்டுமே. ஐந்து கிராம் எடையுள்ள ஒரு பொருள், பதினாறு இறகுகள், அதில் ஒன்றின் நுனி. நடுவர் எனக்குப் புள்ளி தருகிறார். பதினேழு வயதுப் பிள்ளை அந்த ஒரு நொடியில் தன் மனச்சான்றோடு தனியாக நிற்கிறது. கை உயர்த்தி "பட்டது" என்று சொல்கிற பிள்ளைகள் இருக்கின்றனர். சொல்லாத பிள்ளைகளும் இருக்கின்றனர். சொல்கிறவர் வெல்ல விரும்பாதவரா? அவரும் விரும்புகிறார். ஆனால் அவர் விரும்புவது அந்த எதிராளியை வெல்வது. சொல்லாமல் விடுகிறவர் விரும்புவது பலகையில் எண் மாறுவது.

இதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. மூன்றாம் செட்டில் எதிராளியின் கால் இழுத்துக்கொள்கிறது. அவர் நொண்டுகிறார், ஆனால் விலகவில்லை. வலையருகே மெதுவாகப் பந்தைப் போட்டால் அவரால் முன்னே ஓடி வர இயலாது என்று எனக்குத் தெரியும். போடலாமா? இதில் நல்லெண்ணம் கொண்ட இருவர் வேறுபடலாம். போடக்கூடாது என்பவர் இரக்கத்தின் பெயரால் பேசுகிறார். அவரை எள்ள எனக்கு மனமில்லை. ஆனால் போடலாம் என்பதே என் துணிபு. களத்தில் நிற்பது என்ற முடிவை எடுத்தவர் அவர். அவரை நோயாளியாக நடத்தும் உரிமையை அவர் எனக்குத் தரவில்லை. விலகும் உரிமை அவர் கையில் இருக்கிறது; அதை அவருக்காக நான் பயன்படுத்துவது அவர் முடிவைப் பறிப்பதாகும். ஆனால் அப்பந்து விழுந்து அவர் தடுமாறும்போது என் முட்டி உயர்ந்து ஆரவாரம் செய்தால், அங்கே வேறொன்று புகுந்துவிட்டது. பந்தைப் போட்டதில் குற்றமில்லை; அந்த மகிழ்ச்சியில் இருக்கிறது.

அந்த மகிழ்ச்சியைப் பிள்ளைகள் எங்கே கற்கின்றனர்? பெரும்பாலும் களத்தில் அன்று, பார்வையாளர் வரிசையில். எதிர்ப்பக்கத்துப் பிள்ளை பதற்றத்தில் சர்வீசை வலையில் அடித்தவுடன் கை தட்டுகிற பெற்றோரை எந்தச் சிறுவர் போட்டியிலும் காணலாம். தம் பிள்ளை நன்றாக அடித்ததற்குத் தட்டும் கைக்கும், பிறர் பிள்ளை தவறியதற்குத் தட்டும் கைக்கும் உள்ள வேறுபாட்டைத் தட்டுகிறவர் உணர்வதில்லை. அருகில் அமர்ந்திருக்கும் தம்பியும் தங்கையும் உணர்ந்துவிடுகின்றனர்.

நம் வீடுகளில் தேர்வு முடிவு வெளியாகும் நாளும் ஓர் இறுதி நாளே. "உனக்கு எவ்வளவு?" என்று கேட்ட வாய் மூடுமுன் "அவனுக்கு எவ்வளவு?" என்ற கேள்வி வந்துவிடும். தமிழ்நாட்டு அரசு 2017 முதல் பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் அறிவிப்பை நிறுத்த எந்த ஆணையாலும் முடியாது. இந்த வகையில் இறகுப்பந்துக் களம் தேர்வுக் கூடத்தைவிட இரக்கமுள்ளது என்று சொல்லத் தோன்றுகிறது. தேர்வில் நம் பிள்ளை முந்துகிற ஆயிரம் பேருக்கு முகம் இல்லை, அவர்கள் எண்கள். களத்தில் முந்தப்படுகிறவருக்கு முகம் உண்டு. அவருடைய வியர்வை தெரிகிறது, மூச்சு வாங்குவது கேட்கிறது. ஆட்டம் முடிந்ததும் வலையருகே சென்று அவருடைய ஈரக் கையைப் பற்றிக் குலுக்க வேண்டும் என்பது வழக்கு. தாம் தோற்கடித்தவரைத் தொடும் கடமை நம் வாழ்வில் வேறெங்கே இருக்கிறது?

பதக்க மேடையிலும் ஒரு விந்தை உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்றவர்களின் முகங்களை அமெரிக்க உளவியலாளர் சிலர் ஆராய்ந்து 1995-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெள்ளி வென்றவரைவிட வெண்கலம் வென்றவரே மகிழ்ச்சியாகக் காணப்பட்டனர் என்பது அவர்கள் கண்டது. வெள்ளி பெற்றவர் கைநழுவிய தங்கத்தை எண்ணுகிறார். வெண்கலம் பெற்றவர் வெறுங்கையோடு போயிருக்கக் கூடியதை எண்ணுகிறார். உலக இளையோர் போட்டியில் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் உண்டு. மூன்றாமிடத்துக்கென்று தனி ஆட்டம் இல்லை. ஆகவே அம்மேடையில் நிற்கும் நால்வருள் மூவர் தோற்றவர். தோற்றவர்களும் ஏறி நிற்பதற்கென்றே அமைந்த மேடை அது என்று சொன்னாலும் பிழையில்லை.

ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கு ஆட்டம் உண்டு. 2012 லண்டனில், இரட்டையரில் நடந்த அந்த இழிவுக்குச் சில நாள்களுக்குள், ஒற்றையர் அரையிறுதியில் சாய்னா மீண்டும் வாங் யிஹானைச் சந்தித்தார். இன்ச்சோனுக்கு ஆறாண்டுகள் கழித்து அதே முகம் வலைக்கு அப்பால். மீண்டும் தோற்றார். மறுநாள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சீனத்தின் வாங் சின் முதல் செட்டை 21–18 என்று வென்றிருந்தார். ஆனால் முழங்காலில் காயம். இரண்டாம் செட்டில் ஒரு புள்ளி ஆடியபின் தொடர முடியாமல் விலகினார். இந்தியாவுக்கு இறகுப்பந்தில் முதல் ஒலிம்பிக் பதக்கம் அவ்வாறுதான் வந்தது. நாடு கொண்டாடியது, அப்பதக்கத்துக்குப் பின்னே இருந்த ஆண்டுகளின் உழைப்பு அக்கொண்டாட்டத்துக்குத் தகுதியானதே. அதே நாளில் இறுதி ஆட்டத்தில் வாங் யிஹான் தம் நாட்டவரான லீ சுவேருய்யிடம் தோற்றார்.

இன்ச்சோனில் சிறுமியராய் எதிரெதிரே நின்ற இருவரும் அன்று மாலை ஒரே மேடையில், ஒருவர் வெள்ளியோடும் ஒருவர் வெண்கலத்தோடும், ஒரே திசையை நோக்கி நின்றனர். காயத்தோடு விலகிய வாங் சின் அம்மேடையில் இல்லை.